உடைந்த தட்டும் சிந்திய சோறும்

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு நாள் தம் துணைவியருள் ஒருவரின் இல்லத்தில் இருந்தார்கள். அப்போது மற்றொரு துணைவியாரின் வீட்டிலிருந்து பணியாள் ஒருவர் தட்டில் உணவு கொண்டு வந்தார். தம் வீட்டில் பெருமானார் இருக்கும் வேளையில் இன்னொரு வீட்டுச் சமையல் வந்து சேர்ந்ததைப் பொறுக்காத அந்த அம்மையார், பணியாளின் கையைத் தட்டிவிட்டார்கள். தட்டு கீழே விழுந்து உடைந்தது. உணவு சிதறியது. நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? குரலை உயர்த்தவில்லை. உடைந்த துண்டுகளைத் தம் கையாலேயே எடுத்து ஒன்று சேர்த்தார்கள். சிதறிய உணவை அதில் திரட்டி வைத்தார்கள். உங்கள் அன்னைக்கு ரோஷம் வந்துவிட்டது என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, அந்த உணவையே உண்ணச் சொன்னார்கள். எல்லோரும் உண்டு முடிக்கும் வரை பணியாளை நிறுத்தி வைத்து, அந்த வீட்டிலிருந்த நல்ல தட்டு ஒன்றை அவரிடம் கொடுத்தனுப்பினார்கள். உடைந்த தட்டு உடைத்தவர் வீட்டிலேயே தங்கியது. ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது.

மதரஸாவில் ஓதுகிற காலத்தில் இந்த ஹதீஸை நாங்கள் நஷ்டஈட்டு மஸ்அலாவாகவே படித்தோம். பிறர் பொருளை உடைத்தவர் அதே போன்ற பொருளைத் தருவதா, அதன் கிரயத்தைத் தருவதா என்று இமாம்களின் கூற்றுகளை எழுதி மனனம் செய்தோம். அது தேவையான கல்விதான். ஆனால் இது ஒரு சாப்பாட்டு வேளையில் நடந்த சம்பவம் அல்லவா? அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்தவர்களின் வீட்டிலும் சோறு சிந்தியிருக்கிறது, தட்டு உடைந்திருக்கிறது, அதற்குப் பிறகும் அங்கே அமர்ந்து உண்டிருக்கிறார்கள். இந்த விஷயம், மூன்று குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகுதான் என் புத்தியில் உறைத்தது.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு இரண்டே அறை கொண்டது. மஃரிபுக்குப் பின் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து, இஷா ஜமாஅத்தையும் முடித்து, பனியில் நடந்து வீடு சேரும்போது மணி எட்டரையாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் இந்த மலையில் அடுப்பிலிருந்து இறக்கிய சோறு பத்து நிமிடத்தில் ஆறிப் போகும். ஆகவே நான் வந்து அமர்ந்ததும் ஆவி பறக்கத் தட்டு வர வேண்டும், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும், ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட வேண்டும், கடைசியில் துஆ ஓத வேண்டும் என்று ஒரு சித்திரத்தை மனத்தில் வரைந்து கொண்டே வீட்டுப் படி ஏறுவேன். அதாபுகளைப் பற்றிப் பயான் செய்கிறவன் வீட்டிலேயே அதாபு இல்லாவிட்டால் எப்படி என்ற எண்ணம் வேறு!

நடப்பது என்ன? மூத்தவளுக்கு வயது ஏழு. பீன்ஸ் பொரியலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டைச் சுற்றி வேலி கட்டுவாள். அடுத்தவனுக்கு நான்கு. தண்ணீர் டம்ளரைக் கவிழ்க்காத இரவு அவனுக்கு அபூர்வம். கடைக்குட்டி தவழுகிற பிராயம். சுப்ராவின் நுனியைப் பிடித்து அவன் இழுத்தால் ரசக் கிண்ணமும் கூடவே வந்துவிடும். சிறு குழந்தைகள் உள்ள எந்த வீட்டிலும் இதில் பாதியாவது நடக்கும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு வியாழன் இரவு. மறுநாள் ஜும்ஆவுக்குத் துவைத்து வைத்திருந்த ஜுப்பாவைக் குளிருக்காக அன்றே போட்டுக் கொண்டிருந்தேன். மகன் எழுந்து நின்று எதையோ எட்டி எடுக்கப் போக, சால்னாக் கிண்ணம் முழுவதும் என் மடியில் கவிழ்ந்தது. நான் கத்தினேன். என்ன வார்த்தைகள் சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அடிக்கவில்லை, ஆனால் கை ஓங்கியது. வாயில் வைத்த கவளத்தை மெல்லவும் தெரியாமல், விழுங்கவும் தெரியாமல் அவன் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மூத்தவள் தலையைக் குனிந்து கொண்டாள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அன்று மாலை மக்தபில் நான் நடத்திய பாடம் ஹஜ்ரத் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களின் ஹதீஸ். பெருமானார் பிள்ளைகளிடம் எவ்வளவு மென்மையாக நடந்தார்கள் பார்த்தீர்களா என்று பிள்ளைகளிடம் உருகிப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரம் சென்றிருக்கும். இஷா முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக் கொண்டிருந்தேன். உள்ளே மகளின் குரல் கேட்டது: "அம்மா, அத்தா வர்றதுக்குள்ள எனக்குச் சோறு போட்டுடும்மா."

செருப்பைக் கழற்றிய கால் அப்படியே நின்றுவிட்டது. சிந்தாமல் சாப்பிடுகிற பிள்ளை வேண்டும் என்று கேட்டேன்; என் முன்னால் சாப்பிடவே அஞ்சுகிற பிள்ளை கிடைத்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது ஹஜ்ரத் மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் நினைவு வந்தது. ஐந்து வயதுச் சிறுவராக இருந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் வாளித் தண்ணீரை வாயில் எடுத்து விளையாட்டாகத் தம் முகத்தில் உமிழ்ந்ததைப் பெரியவரான பின்னும் மறவாமல் சொன்னவர் அவர். ஐந்து வயதில் நடந்தது ஆயுள் முழுக்க நினைவில் நிற்கும் என்பதற்கு முஹத்திஸ்கள் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சிறு பிராயத்தில் கேட்ட ஹதீஸை ஏற்கலாமா என்ற விவாதத்துக்கு அது ஆதாரம். எனக்கு அன்று வேறு கவலை. என் மகன் பெரியவனாகி, அத்தா என்றதும் எதை நினைப்பான்? அந்தச் சால்னா இரவையா?

இப்போது உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களின் ஹதீஸை இன்னொரு முறை பார்ப்போம். அவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மைந்தர். தந்தையை இழந்தபின் பெருமானாரின் பராமரிப்பில் வளர்ந்தவர். சாப்பிடும்போது அவருடைய கை தட்டு முழுவதும் அலையும். அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அவரை அன்போடு விளித்து, அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலக்கையால் உண், உனக்கு அருகில் இருப்பதிலிருந்து உண் என மூன்றே விஷயங்களைச் சொன்னார்கள். அதன் பிறகு எப்போதும் தம் சாப்பாட்டு முறை அதுவாகவே இருந்தது என்கிறார் அந்த ஸஹாபி. இதை புகாரி, முஸ்லிம் இருவரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த ஹதீஸை ஓதும்போது மூன்று கட்டளைகளையும் பிடித்துக் கொள்கிறோம். அவை எங்கே சொல்லப்பட்டன என்பதை விட்டுவிடுகிறோம். பையனின் கை எந்தத் தட்டில் அலைந்தது? பெருமானாரின் தட்டில்! கை அலையக்கூடிய வயதுப் பிள்ளை அந்தச் சங்கைமிக்க கரத்துடன் ஒரே பாத்திரத்தில் உண்டு கொண்டிருக்கிறது. முதலில் ஒழுக்கத்தைக் கற்று வா, பிறகு என்னோடு அமரலாம் என்று அங்கே சொல்லப்படவில்லை. அமர்ந்த இடத்திலேயே கற்றுக் கொண்டார். சொன்னதும் மூன்றே வார்த்தைகள். பின்னொரு நாள் இரவு என் வாயிலிருந்து வரும் கட்டளைகளை நானே எண்ணிப் பார்த்தேன். நேராக உட்கார், சிந்தாதே, பேசாதே, வேகமாகச் சாப்பிடு, மெதுவாகச் சாப்பிடு என்று ஒரே சாப்பாட்டில் இருபத்து மூன்று! இதில் எதை அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் பின்பற்றும்?

கண்டிப்பே கூடாது என்று யாரும் விளங்கிக் கொள்ள வேண்டாம். பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் குழந்தையாக இருந்தபோது ஸதகாவுக்கு வந்த பேரீச்சம் பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கொண்டார்கள். ஸதகாப் பொருள் நபி குடும்பத்துக்கு ஆகாதது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதை விட்டுவிடவில்லை, துப்ப வைத்தார்கள். ஆனால் எப்படி? 'கிக், கிக்' என்று சொன்னார்கள். அரபுகள் குழந்தைகளிடம் அருவருப்பான பொருளைத் துப்பச் சொல்லும் மழலைச் சொல் அது. நம் வீடுகளில் 'சீ, ஆய், துப்பு துப்பு' என்கிறோமே, அதைப் போல. ஹராம் வாய்க்குள் போன சமயத்திலும் குழந்தையின் பாஷையில்தான் பேசினார்கள். சிந்திய சால்னா ஹராமும் அல்ல, மக்ரூஹும் அல்ல. அது வெறும் சால்னா.

நம் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் ஒரு பழைய பழக்கம் உண்டு. ஆண்கள் முதல் பந்தி. பிறகு பிள்ளைகள். எல்லோரும் எழுந்த பின், ஆறிய சோற்றோடு வீட்டுப் பெண்கள். என் நன்னி கடைசி வரை சட்டியை வழித்துச் சாப்பிட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இதை மார்க்கம் என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். மார்க்கத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சேர்ந்து உண்பதும் தனித்தனியே உண்பதும் குற்றமல்ல என்று சூரத்துந் நூரின் 61-வது ஆயத் இடம் தருகிறது என்பது உண்மை. ஆனாலும், நாங்கள் உண்கிறோம், வயிறு நிறைவதில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, தனித்தனியே உண்கிறீர்கள் போலும், ஒன்று கூடி அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணுங்கள், பரக்கத் உண்டாகும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வஹ்ஷீ இப்னு ஹர்ப் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் உள்ளது. பரக்கத்துக்கு நிபந்தனையாகக் கூட்டமும் பிஸ்மில்லாஹ்வும் சொல்லப்பட்டனவே தவிர, அமைதி சொல்லப்படவில்லை, சுத்தமான விரிப்பும் சொல்லப்படவில்லை. கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத மூன்று பேருடன் ஒரே சஹனில் கை வைக்கிறோம். சொந்தப் பிள்ளை நம் தட்டில் கை வைத்தால் மட்டும் முகம் சுளிப்பதா?

குழந்தைகளோடு அமர்வது என்றால் மனைவியின் நிலையையும் யோசிக்க வேண்டும். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக் கொண்டு மறு கையால் எல்லோருக்கும் பரிமாறுகிற பெண், தானும் கூடவே சாப்பிடுவது எப்படி? பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் இருப்பார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். ஆகவே கடைக்குட்டியை இப்போது நான் மடியில் வைத்துக் கொள்கிறேன். முதல் வாரம் எனக்கு ஒரு கவளமும் ஒழுங்காக வாய்க்குப் போகவில்லை. இத்தனை காலம் என் மனைவி எப்படிச் சாப்பிட்டாள் என்பது அந்த வாரத்தில் தெரிந்தது.

மடியில் வைத்தால் நனைவதும் உண்டு. உம்மு கைஸ் (ரலி) என்ற அம்மையார், இன்னும் சோறு உண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையைக் கொண்டு வந்தபோது பெருமானார் அதைத் தம் மடியில் அமர்த்திக் கொண்டார்கள். குழந்தை ஆடையை நனைத்துவிட்டது. தண்ணீர் வரவழைத்து அதன் மீது ஊற்றிக் கொண்டார்கள், அவ்வளவே. இதிலிருந்து எழும் மஸ்அலா: பாலன்றி வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் முழுவதும் நனையும்படித் தண்ணீர் தெளித்தால் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபிகள் கழுவியே ஆக வேண்டும். எப்படியானாலும் ஒரு சொம்புத் தண்ணீரில் தீருகிற காரியத்துக்கு ஒரு வீடே அதிர வேண்டியதில்லை.

வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் இன்னும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். கீழே விழுந்த கவளத்தை எடுத்து, ஒட்டிய தூசியை நீக்கி உண்ண வேண்டும், ஷைத்தானுக்கு விட்டுவிடக் கூடாது என்பது முஸ்லிம் ஷரீஃபில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். சோறு விழும் என்பதை ஏற்றுக் கொண்டுதானே இந்தச் சட்டமே வந்திருக்கிறது! உண்ண முடியாத அளவுக்கு அழுக்கானால் கோழிக்கோ பூனைக்கோ போடலாம். குழந்தை கை வைத்த சட்டிச் சோறும், குழந்தை மிச்சம் வைத்த சோறும் சுத்தமானவையே. கையில் நஜீஸ் இருந்ததாகத் தெரியாத வரை சந்தேகப்பட வேண்டாம். பிள்ளை பிஸ்மில்லாஹ் சொல்ல மறந்து பாதியில் நினைவு வந்தால், முதலிலும் முடிவிலும் அல்லாஹ்வின் பெயரால் என்ற பொருளுள்ள சிறு வாசகத்தைச் சொன்னால் போதும். என் மகனுக்கு அந்த வாசகம் மிகவும் பிடித்துவிட்டது. அதைச் சொல்வதற்காகவே ஆரம்பத்தில் வேண்டுமென்று மறக்கிறான்!

உணவு வைக்கப்பட்ட நேரத்தில் இகாமத் சொல்லப்பட்டால் உணவை முதலில் முடித்துக் கொள்ளும்படி ஹதீஸ் இருக்கிறது. மனம் சோற்றில் இருக்கத் தொழுகையில் நிற்பதை எல்லா மத்ஹபுகளும் விரும்பவில்லை. பசியால் அழும் பிள்ளைக்கு ஊட்டிக் கொண்டிருக்கும் தாய் இதனால் மனம் குறுக வேண்டியதில்லை. வக்து முடியப் போகிறது என்றால் மட்டும் தொழுகையே முந்தியது. இதைச் சாக்காக வைத்துத் தினமும் ஜமாஅத் நேரத்தில் சுப்ரா விரிக்கும் ஆண்களுக்கு நான் பதில் சொல்லத் தயாரில்லை.

இனி, சாப்பிட மறுக்கும் பிள்ளை. நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்கிறார் அபூஹுரைரா (ரலி). ஒரு நாள் குழம்பு கேட்டபோது வீட்டில் காடிதான் இருந்தது. அதைக் கொண்டு வரச் செய்து, நல்ல குழம்பல்லவா இது என்று புகழ்ந்து கொண்டே உண்டார்கள். 'இது நல்லாயில்லை' என்ற சொல்லைப் பிள்ளை யாரிடம் கற்றது என்று யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் தகப்பனின் வாய்க்கே வந்து சேரும். அதே ஹதீஸின் மறுபாதியையும் மறக்கக் கூடாது. பிடிக்காததை விட்டுவிடும் உரிமை அதில் இருக்கிறது. மூத்தவளின் பீன்ஸ் வேலியை இப்போது நான் இடிப்பதில்லை. ஒரு புதிய கறியைக் குழந்தை ஏற்றுக் கொள்ளும் முன் எட்டுப் பத்து முறை கூட அதன் முன்னால் வைக்க வேண்டியிருக்கும் என்றும், வற்புறுத்தி ஊட்டினால் வெறுப்புத்தான் வளரும் என்றும் குழந்தை உணவை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். செல்போனில் படம் காட்டி ஊட்டினால் பருக்கை சிந்தாது என்பது உண்மைதான். எதை உண்டோம், யாரோடு உண்டோம் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

மகளிடம் நான் மன்னிப்பு என்று பெரிதாக எதுவும் பேசவில்லை. மகனைத் தூக்கி வைத்துக் கொண்டு, அன்று அத்தா கத்தியது தப்பு என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டுக் கொண்டிருந்தாள். மறுநாள் சுப்ராவின் அந்தக் கோடியில் அமர்ந்தாள். அதற்கடுத்த நாளும் அங்கேயே. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நான் கேட்காமலே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த ஒரு உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்தாள். கண்குளிர்ச்சி தரும் மனைவி மக்களை அருள்வாயாக என்று தினமும் கேட்கும் துஆவில், அந்தக் கண்குளிர்ச்சி என்பது இஸ்திரி போட்ட சட்டையோடு வரிசையாக அமர்ந்திருக்கும் பிள்ளைகள் என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

இந்த விஷயத்தை ஒரு ஜும்ஆவில் சொன்னபோது, தொழுகை முடிந்ததும் டாக்ஸி ஓட்டும் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். ஏப்ரல், மே சீசன் தொடங்கியிருந்த சமயம்.

"ஹஜ்ரத், சீசன் ரெண்டு மாசமும் நான் வீட்டுக்குப் போக ராத்திரி பதினோரு மணி ஆயிடுது. பிள்ளைக தூங்கிப் போயிருக்கும். இந்த ரெண்டு மாச சம்பாத்தியத்துலதான் மழைக்காலம் ஓடணும். நீங்க சொல்ற சாப்பாட்டுக்கு நான் எங்கே போறது?"

அவர் கேட்டது நியாயம். குடும்பத்துக்காக ஹலாலாக உழைப்பதும் இபாதத்தே. ஒன்று கூடி உண்ணச் சொன்ன ஹதீஸில் இரவு என்று இல்லையே, சுபுஹுக்குப் பிறகு முடியாதா என்று கேட்டேன். ஆறரை மணிக்கு வண்டி எடுத்தால் போதும் என்றார். அதற்கு முன் பிள்ளைகளை எழுப்பினால் அழுவார்களே என்று அவரே யோசித்தார். அழட்டும், எழுப்பிப் பாருங்கள் என்று அனுப்பி வைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பள்ளிவாசல் படியில் அவரைப் பார்த்தேன்.

"தரையெல்லாம் சாம்பார் ஹஜ்ரத்" என்றார். "நேத்து வண்டியில ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், சட்டைப் பையில பாதி இட்லி. சின்னவன் போட்டு வச்சிருக்கான், அத்தாவுக்கு வழியில பசிக்கும்னு."

"அதை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன்" என்றார்.